சவூதியில் விழாதவர் சொந்த ஊரில் விழுந்தார்: ஓட்டுக் கூரை மேல் ஒரு வெப்பத்தாக்கு

காரைக்குடிக்கு வடக்கே ஒரு நகரத்தார் ஊர். வைகாசியில் அறுபதாம் கல்யாணம் வைத்திருந்த பெரிய வீட்டில், கத்திரி வெயில் நேரத்தில் ஓடு பிரித்து மேயும் வேலை நடந்தது. அந்த வேலையின் மூன்றாம் நாள் பிற்பகலில் ஒரு கொத்தனார் கூரை மேலேயே நினைவு தடுமாறி விழுந்தார். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் கிடையாது. ரியாத் பக்கம் பாலைவனத் தளங்களில் பல கோடைகளைப் பார்த்துவிட்டு, பொங்கலுக்கு முன்னால் ஊர் திரும்பியவர்.

நானும் வளைகுடாவில் கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு மேற்பார்வை பார்த்தவன். அந்தப் பழக்கத்தில் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். “அண்ணே, சவூதி வெயில்ல நின்ன ஆளு. இங்க நாப்பது டிகிரிகூட இல்ல. எப்படிண்ணே விழுவான்?” கூட வேலை பார்த்தவர்கள், வீட்டு ஆச்சி, அவருடைய மனைவி, பிறகு அவரே என்று எல்லோரிடமும் பேசி, நேரத்தைச் சரிபார்த்து இதை எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று வீட்டார் சொன்னதால் விட்டிருக்கிறேன்.

மேஸ்திரியின் கேள்விக்குச் சுருக்கமான பதில் இதுதான்: பாலைவனத்தில் பழகிய உடம்பு அந்த மூன்றாம் நாளில் அவரிடம் இல்லை. பழகிய தைரியம் மட்டும் மிச்சம் இருந்தது.

என்ன நடந்தது

செட்டிநாட்டு வீடுகளில் வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றி உள்பக்கமாகச் சரியும் நாட்டு ஓட்டுக் கூரையைப் பார்த்திருப்பீர்கள். மல்லாத்தி ஒரு வரிசை, அதன் மேல் கவிழ்த்து ஒரு வரிசை என்று ஓட்டை நெருக்கமாக அடுக்குவார்கள். உடைந்ததைக் களைந்து, நல்லதைத் தட்டிப் பார்த்து, திரும்ப அடுக்க வேண்டும். உட்கார்ந்தபடியே நகர்ந்து செய்கிற வேலை. மேலே வெயில், கீழே சுட்ட மண். காலை பத்து மணிக்கு மேல் அந்த ஓட்டில் வெறுங்கை வைக்க முடியாது.

முதல் நாள் மப்பாக இருந்தது. ஒன்பது மணிக்கு ஏறியவர் சாயந்திரம் வரை நிறுத்தாமல் செய்திருக்கிறார். ஆள் சுறுசுறுப்பு என்று எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டாம் நாள் நல்ல வெயில். மத்தியானத்துக்கு மேல் கெண்டைக்காலைப் பிடித்து இழுத்திருக்கிறது, தலைவலியும் இருந்திருக்கிறது. ராத்திரி வீட்டில் மனைவியிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்திருக்கிறார். படுத்தது தகரக் கூரை போட்ட அறை. கரண்ட் வேறு போய்விட்டது. சரியான தூக்கம் இல்லை. நான்கைந்து நாளாக மூக்கொழுகல் இருந்ததால் மருந்துக்கடையில் வாங்கிய சளி மாத்திரையையும் போட்டிருக்கிறார்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு டீ, இரண்டு பன். கூரை மேல் தண்ணீர் கிடையாது. வேண்டுமென்றால் ஏணியில் இறங்கி, பின்கட்டு வரை நடக்க வேண்டும். அவர் கொண்டு போனது ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று. பதினொரு மணிக்கெல்லாம் அது வெந்நீர் ஆகிவிட்டது. டீக்கு மற்றவர்கள் இறங்கியபோது, இந்த வரிசையை முடித்துவிட்டு வருகிறேன் என்று மேலேயே இருந்துவிட்டார். ஒரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்தார். காலையிலிருந்து ஒரே ஒரு தடவைதான் சிறுநீர் கழித்ததாகவும், அது கட்டஞ்சாயா நிறத்தில் இருந்ததாகவும் பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்.

ஒன்றே முக்காலுக்குத் திரும்ப ஏறினார். இரண்டரை மணி வாக்கில், ஓடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த சித்தாள் அக்கா ஒன்றைக் கவனித்தார். கவிழ்த்து வைக்க வேண்டிய ஓட்டை அவர் மல்லாத்தியே வைத்துக்கொண்டு போகிறார். ஒன்றல்ல, ஒரு முழம் நீளத்துக்கு மல்லாத்தின ஓட்டின் மேல் மல்லாத்தின ஓடு. “தம்பி, என்ன இப்படி வைக்கிற?” என்று கேட்டதற்கு, அதுவரை ஒரு கடுஞ்சொல் பேசாத மனிதர் வாயில் வந்ததைச் சொல்லித் திட்டியிருக்கிறார். அந்த அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. “இது அந்தத் தம்பி பேச்சு இல்ல, தலைக்கு ஏதோ ஆயிருச்சு” என்று கீழே பார்த்துக் கூவினார்.

இந்த நிகழ்வில் உயிரைக் காப்பாற்றிய கணம் அதுதான் என்பது என் முடிவு. வெப்பக் களைப்பையும் வெப்பத்தாக்கையும் பிரிக்கிற கோடு மூளையில்தான் இருக்கிறது. வியர்வை, தலைவலி, வாந்தி, சோர்வு எல்லாம் களைப்பிலும் வரும். பேச்சு குழறுவது, நடை தள்ளாடுவது, காரணமில்லாத கோபம், தெரிந்த வேலையைத் தப்பாகச் செய்வது இவையெல்லாம் வந்துவிட்டால் உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தெர்மாமீட்டரைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. தோல் வறண்டிருந்தால்தான் வெப்பத்தாக்கு என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். வீட்டுக்குள் கிடக்கும் வயதானவர்களுக்குத்தான் அது பெரும்பாலும் பொருந்தும். உழைத்துக்கொண்டே விழுபவருக்கு உடம்பெல்லாம் வியர்த்துக்கொண்டிருக்கும். இவருக்கும் பனியன் பிழியலாம்போல நனைந்திருந்தது.

இரண்டு பேர் பிடித்து இறக்கும்போதே கால் மடங்கிவிட்டது. மொட்டைமாடிப் படி வழியாகத் தூக்கி வளவுக்குக் கொண்டுவந்தபோது மணி மூன்றாகப் போகிறது. கை கால் வெட்டியது. அப்புறம் வழக்கமான கலவரம். ஒருவர் வலிப்பு என்று இரும்புச் சாவியைக் கையில் திணித்தார். ஒருவர் சோடா வாங்க ஓடினார். மேஸ்திரி ஆட்டோவைக் கூப்பிட்டு, அப்படியே தூக்கிப்போட்டுக்கொண்டு போய்விடலாம் என்றார்.

ஆட்டோவில் ஏற்றியிருந்தால் காரைக்குடி போய்ச் சேரும் வரை அந்த வெப்பம் உள்ளேயே இருந்திருக்கும். மூளை, ஈரல், சிறுநீரகம் மூன்றும் எவ்வளவு நேரம் அந்தச் சூட்டில் கிடந்தன என்பதைப் பொறுத்துத்தான் பிழைப்பது இருக்கிறது. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் வண்டி. விழுந்த அரை மணி நேரத்துக்குள் உள்வெப்பத்தை 39-க்குக் கீழே கொண்டுவரப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு.

இதை அங்கே படித்துத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனால் ஆச்சி சத்தம் போட்டார்: “எங்கயும் தூக்காதீக. தொட்டியில வைங்க!” கல்யாணத்துக்குப் பாத்திரம் விளக்குவதற்காகப் பின்கட்டுக் கல்தொட்டியில் முதல் நாளே தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். ஆள் காலை நீட்டிச் சாய்கிற நீளம். நாள் முழுக்க நிழலில் கிடந்த தண்ணீர். சட்டையைக் கழற்றி, கழுத்து வரை அதில் இறக்கினார்கள். தலை மூழ்கிவிடாமல் பின்னாலிருந்து ஒருவர் அக்குளில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டார். சித்தாள் அக்கா செம்பால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டே இருந்தார். வாயில் எதையும் ஊற்றவில்லை. நினைவு தப்பியவர் வாயில் ஊற்றும் தண்ணீர் மூச்சுக்குழலுக்குப் போகும். சோடா வந்தபோது ஆச்சி அதைத் தொடவிடவில்லை.

அதற்குள் 108-க்குச் சொல்லியிருந்தார்கள். மூன்று இருபத்தைந்துக்கு வண்டி வந்தபோது, கேட்டால் பெயர் சொல்கிற அளவுக்கு இருந்தார். ஆஸ்பத்திரியில் ஆசனவாயில் எடுத்த வெப்பம் 39.4. கிட்டத்தட்ட அரை மணி நேரம் தண்ணீரில் கிடந்த பிறகு இருந்த அளவு அது. தொட்டிக்குள் போகும் முன் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது. தசை சிதைந்து சிறுநீரகத்துக்குச் சுமை ஏறியிருந்தது. நரம்பு வழியாக நீர் ஏற்றினார்கள். ஈரல் பாதிப்பு இரண்டு மூன்று நாள் கழித்தும் தெரியவரலாம் என்று நிறுத்திவைத்துப் பார்த்தார்கள். நல்லபடியாக வீடு திரும்பினார்.

பாலைவனம் கற்றுக் கொடுத்ததும், இங்கே பொய்த்ததும்

அவர் மேல் தப்பு சொல்வது சுலபம். தண்ணீர் குடிக்கவில்லை, டீக்கு இறங்கவில்லை. ஆனால் அதே மனிதர் சவூதியில் இத்தனை கோடைகளை எப்படித் தாண்டினார் என்று பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது.

அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் 12 மணியிலிருந்து 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். கத்தாரில் இன்னும் கடுமை. 2021 முதல் அங்கே ஜூன் 1-லிருந்து செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து 3.30 வரை தடை. அதோடு ஈரம், வெயில், காற்று எல்லாம் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால், நேரம் எதுவானாலும் வேலையை நிறுத்த வேண்டும். எல்லாத் தளத்திலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விசில் அடித்தால் இறங்கித்தான் ஆக வேண்டும் என்ற பழக்கம் இருந்தது. அவர் தன் மன உறுதியால் நின்றதாக நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் அவரைப் பாதி தாங்கிப் பிடித்தது அந்த விசில்தான். தண்ணீர் டிரம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. முழுக்கைப் பருத்திச் சட்டை, கழுத்தை மூடிய துணி, தங்கும் அறையில் ஏசி எல்லாம் இருந்தன. இங்கே லுங்கியும் பனியனும். வெறும் தோளில் நேர் வெயில்.

அடுத்தது, நம் ஊர்க் காற்று. காற்றின் வெப்பம் தோலின் வெப்பமான 35 டிகிரியைத் தாண்டிவிட்டால், காற்று நம்மைக் குளிர்விக்காது, சூடேற்றத்தான் செய்யும். அப்புறம் உடம்புக்கு இருக்கிற ஒரே வழி வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். சொட்டிக் கீழே விழுந்தால் அந்தப் பலன் கிடையாது. நனைத்த துணி சுற்றிய வெப்பமானி காட்டுகிற அளவைப் பார்த்தால் இது விளங்கும். 46 டிகிரி வெயில், 8 சதவீத ஈரப்பதம் என்றால் நனைந்த வெப்பமானி 21 டிகிரி வரை இறங்கும். 39 டிகிரி, 40 சதவீத ஈரப்பதம் என்றால் 28-லேயே நின்றுவிடும். முதலாவது ரியாத் பக்கத்துக் கோடைப் பிற்பகல். இரண்டாவது, வங்கக் கடலிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற நம் பக்கத்துக் கத்திரிப் பிற்பகல். டிவியில் சொல்கிற டிகிரியை மட்டும் வைத்து, அதைவிட இது கம்மி என்று அவர் கணக்குப் போட்டதில்தான் ஏமாற்றம்.

இதனால் பாலைவனம் லேசு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே வியர்வை கண்ணுக்கே தெரியாது. தோல் காய்ந்தே இருக்கும், சட்டையில் வெள்ளையாக உப்புக்கோடு படிந்த பிறகுதான் எவ்வளவு நீர் போயிருக்கிறது என்று தெரியும். தாகத்தை நம்பி அங்கே தண்ணீர் குடிக்க முடியாது. குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலையில் 53.9 டிகிரி பதிவாகியிருக்கிறது. அந்தக் காற்றில் மின்விசிறி போட்டால் அது அடுப்பை ஊதுகிற மாதிரி. காற்று 40 டிகிரிக்கு மேல் போனால் விசிறிக்கு முன்னால் உட்காராதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் மூன்றாவது. வெயில் பழகுவது என்பது மனசு சம்பந்தப்பட்டது அல்ல, உடம்புக்குள் நடக்கிற மாற்றம். ஒன்று முதல் இரண்டு வாரம் தினமும் சூட்டில் உழைத்தால் ரத்தத்தில் நீர்ப் பகுதி கூடும். வியர்வை சீக்கிரமே தொடங்கும், நிறைய வரும், அதில் உப்புக் குறைவாகப் போகும். இதயத்துடிப்பு கட்டுக்குள் இருக்கும். வெயிலை விட்டு ஒரு வாரம் விலகினாலே இது தேயத் தொடங்கும். ஒரு மாதத்தில் பெரும்பாலும் போய்விடும். நம் ஆள் பொங்கலிலிருந்து சித்திரை வரை என்ன செய்தார்? வீட்டு வேலைகள், மச்சான் கடையில் உட்காருவது, உறவுக் கல்யாணங்கள். மூன்று மாதத்துக்கு மேல் நிழலில் இருந்துவிட்டு, முதல் நாளே எட்டு மணி நேரம் ஓட்டின் மேல். வேலைத்தளங்களில் வெயிலால் இறப்பவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் முதல் வாரத்திலேயே இறக்கிறார்கள் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை சொல்கிறது. பலவீனமானவர்கள்தான் விழுவார்கள் என்ற நினைப்பை அந்த ஒரு கணக்கு உடைத்துவிடும்.

சளி மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூக்கொழுகலை நிறுத்துகிற சில மாத்திரைகள் வியர்வையையும் குறைக்கும். நீர் பிரியும் மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள், மனநல மருந்துகள் சிலவற்றுக்கும் வெயிலில் ஆபத்து உண்டு. நிறுத்தச் சொல்லவில்லை, வெயிலில் வேலை என்று மருத்துவரிடம் சொல்லுங்கள் என்கிறேன். முந்தின ராத்திரி குடித்தவர், காய்ச்சல் விட்டு எழுந்தவர், தூங்காதவர் இவர்களை மறுநாள் கூரை ஏற்றக் கூடாது.

தளத்தில் மாற்றியது

மேஸ்திரி நல்ல மனிதர். தேதி நெருக்கியது, அவ்வளவுதான். முகூர்த்தம் தள்ளாது, மழைக்கு முன் கூரை மூட வேண்டும். அதனால் ஆச்சியையும் வைத்துக்கொண்டே பேசினோம். வளவைச் சுற்றிய கூரை மட்டும் இப்போது, பின்கட்டுக் கூரை கல்யாணத்துக்கு அப்புறம் என்று ஆச்சி ஒரே வார்த்தையில் முடித்தார். எத்தனை விதி எழுதினாலும், வீட்டுக்காரர் அந்த ஒரு வார்த்தை சொன்னால்தான் வேலைக்காரர் இறங்க முடியும்.

நேரத்தை விடிகாலை ஐந்தே முக்காலிலிருந்து பத்தரை வரை, பிறகு நான்கு மணிக்கு மேல் என்று மாற்றினார்கள். மொட்டைமாடியில் தென்னங்கீற்றுப் பந்தல் ஒன்று போட்டு, அதன் கீழ் மண்பானை. ஏணி இறங்காமலே தண்ணீர். கால் மணி அல்லது இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர். தாகம் எடுக்கிறதா என்று கேட்பதில்லை. அதற்காக லிட்டர் லிட்டராக ஊற்றிக்கொள்வதும் தப்பு. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவே ஆபத்தாகும். காலையில் நீராகாரம், பத்து மணிக்கு உப்புப் போட்ட மோர். நம் அப்பத்தாக்கள் வயலுக்குக் கொடுத்தனுப்பியது அதுதானே. நிறைய வியர்ப்பவர்களுக்கு ஓஆர்எஸ் பொட்டலம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் தருகிறார்கள். இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து போடுங்கள். உப்பு கூடினால் கெடுதல்.

புது ஆளுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, ஒவ்வொரு நாளும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி ஐந்தாம் நாள் முழு வேலை. ஏற்கனவே பழகி, இடையில் விட்டவருக்குப் பாதியில் தொடங்கி நான்காம் நாள் முழுசு. கூலி முதல் நாளிலிருந்தே முழுக் கூலி. இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கூலியைக் குறைத்தால் யாரும் களைப்பை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மேஸ்திரி கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துவிட்டுச் சரி என்றார்.

தனியாக யாரும் கூரையில் இருக்கக் கூடாது. ஜோடி போட்டு, ஒருவர் பேச்சையும் வேலையையும் மற்றவர் கவனிக்க வேண்டும். கல்தொட்டி எப்போதும் நிரம்பி இருக்க வேண்டும். தொட்டி இல்லாத வீட்டில் ஆளை நிழலில் படுக்க வைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே துண்டால் பலமாக விசிற வேண்டும். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைக்கலாம். காய்ச்சல் மாத்திரை கொடுத்தால் இந்தச் சூடு தணியாது.

இன்னொன்றையும் மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. அப்படி ஒன்று யாருக்கும் வேண்டாம். ஆனாலும் யாராவது விழுந்தால் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன வேலை செய்தபோது என்று அன்றைக்கே எழுதி வைக்கவும், ஆஸ்பத்திரியில் வெயிலில் வேலை பார்த்ததைச் சொல்லவும் வேண்டும். நம் பக்கம் இப்படி விழுகிறவர்களை மாரடைப்பு, மயக்கம் என்று பேசி முடித்துவிடுகிறோம்.

அவர் இப்போது

வீடு திரும்பி ஒரு வாரமாவது எந்த உழைப்பும் கூடாது, ரத்தப் பரிசோதனை சரியான பிறகுதான் மெதுவாகத் தொடங்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஒருமுறை வெப்பத்தாக்கு வந்தவருக்குச் சில காலம் சூடு தாங்கும் சக்தி குறைந்திருக்கும். மேஸ்திரி அவரை ஓடு தரம் பிரிக்கிற நிழல் வேலையில் காலை இரண்டு மணி நேரம் உட்கார வைத்திருக்கிறார்.

ஆனியில் திரும்பவும் சவூதி போக விசா தயாராக இருந்தது. அங்கே உச்ச வெயில் காலம். “அண்ணே, போகலாமா வேணாமான்னு சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன்” என்றார். முடிந்தால் புரட்டாசிக்குத் தள்ளுங்கள் என்றேன். தள்ள முடியாவிட்டால் போய் இறங்கியதும் கம்பெனியில் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எட்டு மணி நேர ஷிப்டில் முதல் நாள் ஒன்றரை மணி நேரம்தான் வெயில், மிச்சம் நிழல் வேலை, அப்புறம் படிப்படியாகக் கூட்ட வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல் பாஸ்போர்ட்டோடு இருக்க வேண்டும். அவர் மனைவி அதை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டார். ஏஜெண்டிடம் பேசியிருக்கிறார்கள். முதல் வாரம் உள்வேலை தருவதாகக் கம்பெனியிலிருந்து எழுத்தில் வந்தால்தான் டிக்கெட் போடுவது என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறார்கள்.